கடலும் கணக்கும் கணினியும்

நுழையும்முன்

கணினிக்குக் கட்டளைகளை முறைப்படி எழுதும் கலையே நிரலாக்கம். அதனைக் கற்க விரும்பும் மாணவர் பலரைத் தடுத்து நிறுத்துவது, ‘எனக்குக் கணக்கு வராதே’ என்னும் அச்சம். நிரலர் ஆவதற்கு ஆழ்ந்த கணித அறிவு இன்றியமையாததா? வடசென்னைக் கடற்கரையிலிருந்து இவ்வினாவை ஆராய்கிறது இக்கட்டுரை.

ஏலக்கூடத்தில் ஒரு கணக்கு

நகரம் கண்விழிக்கும் முன்பே காசிமேடு விழித்துக்கொள்கிறது. இரவெல்லாம் கடலில் கிடந்த விசைப்படகுகள் மீன்பிடித் துறைமுகத்தில் வந்து அணைகின்றன. பனிக்கட்டியில் புதைத்த மீன்கள் கூடைகூடையாய்க் கரையேறுகின்றன. ஏலம் கூறுவோரின் குரல் ஓங்குகிறது. விலை ஏறுவதும் இறங்குவதும் நொடிப்பொழுதில் முடிந்துவிடும். அங்கு நிற்போர் கையில் கணிப்பொறி இல்லை; தாளும் எழுதுகோலும்கூடப் பலரிடம் இல்லை. ஆனால், கணக்கு தவறுவதில்லை.

ஏலத்தில் வந்த பணத்திலிருந்து டீசல், பனிக்கட்டி, உணவு ஆகியவற்றின் செலவு கழிக்கப்படும். எஞ்சிய தொகை படகு உரிமையாளருக்கும் தொழிலாளருக்கும் பங்காகப் பிரிக்கப்படும். தொழிலாளர் பங்காக 10,000 ரூபாய் நிற்கிறது என்றும், அதை எழுவர் சமமாகப் பகிர வேண்டும் என்றும் கொள்வோம். இப்பணியைச் செய்ய ஒரு மாணவர் செல்பேசிச் செயலி ஒன்றை உருவாக்குகிறார். பத்தாயிரத்தை ஏழால் வகுக்கும் கட்டளை ஒரே வரிதான். விடை 1428.57 ரூபாய் என்று திரையில் தோன்றுகிறது. ஏழு பேருக்கும் அத்தொகையைக் கொடுத்தால் 9999.99 ரூபாய்தான் ஆகிறது. ஒரு பைசாவைக் காணவில்லை. பைசா புழக்கத்தில் இல்லையே என்று முழு ரூபாயாக்கி 1429 எனக் கொடுத்தால் கையிலிருப்பதைவிட மூன்று ரூபாய் கூடுதலாகத் தேவைப்படும். 1428 எனக் கொடுத்தால் நான்கு ரூபாய் எஞ்சும்.

அந்த நான்கு ரூபாய் யாருக்கு உரியது? மூத்த மீனவர் ஒருவர் இதைத் தேநீர்க் கடையில் ஒரு சிரிப்போடு தீர்த்துவிடலாம். கணினியால் அது முடியாது. சொன்னதை மட்டுமே அது செய்யும். நூறு படகுகள் இச்செயலியை ஓராண்டில் நூறுமுறை பயன்படுத்தி, ஒவ்வொரு முறையும் நான்கு ரூபாய் எஞ்சினால், கணக்கில் வராமல் கிடக்கும் தொகை 40,000 ரூபாய். அது உழைத்தவரின் பணம்.

இச்சிக்கலைத் தீர்க்க நுண்கணிதம் தேவையில்லை. வகுத்தலில் ஈவு என்றும் மீதி என்றும் இரண்டு உண்டு என்னும் தொடக்கப்பள்ளிப் பாடமே போதும். ஆனால், ‘மீதி எங்கே போகும்?’ என்று கேட்கும் மனம் வேண்டும். நிரலருக்குத் தேவையான கணிதம் எது என்னும் வினாவுக்கு விடை தேடத் தொடங்க வேண்டிய இடம் இதுவே.

இருவேறு வழக்குகள்

இவ்வினாவில் இரு தரப்பினர் உளர். கணிதத்தில் வல்லவரே நிரல் எழுதத் தகுந்தவர் என்பர் ஒருசாரார். கணினி என்னும் பொறியே கணிதத்திலிருந்து பிறந்தது என்பது அவர்களின் சான்று. ஜார்ஜ் பூல் 1854-இல் வகுத்தளித்த தருக்க இயற்கணிதமே இன்றைய கணினிச் சுற்றுகளின் அடிப்படை. உண்மை, பொய் என்னும் இரண்டே மதிப்புகளைக் கொண்டு சிந்தனையைக் கணக்காக்க முடியும் என்று அவர் காட்டினார்.

மறுசாரார் நடைமுறையைக் காட்டுவர். கடைக்குப் பட்டியல் எழுதும் செயலிக்கும் பள்ளிக்கு வருகைப்பதிவு செய்யும் நிரலுக்கும் முக்கோணவியல் எதற்கு என்பது அவர்கள் வினா. கடினமான கணக்குகளை முன்னரே பிறர் நிரல்களாக எழுதி வைத்துள்ளனர். அவற்றை எடுத்துப் பொருத்தத் தெரிந்தால் போதும் என்பர். செயற்கை நுண்ணறிவே நிரல் எழுதித் தரும் இந்நாளில் இவ்வழக்கு மேலும் வலுப்பெற்றுள்ளது.

இரண்டிலும் உண்மை உண்டு. எனினும், முதல் வழக்கு கதவை அடைக்கிறது. இரண்டாம் வழக்கு கண்ணை மூடிக்கொள்ளச் சொல்கிறது. இரண்டினாலும் இழப்பு மாணவருக்கே.

கதவைத் திறந்த கணித மேதை

கணிதம் தெரியாதவருக்கும் நிரலாக்கத்தின் கதவைத் திறந்துவிட்டவர் ஒரு கணித அறிஞர் என்பது வரலாறு தரும் வியப்பு. அமெரிக்கராகிய கிரேஸ் ஹாப்பர் 1934-இல் யேல் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். கல்லூரியில் கணிதம் கற்பித்தவர். இரண்டாம் உலகப்போரின்போது கடற்படையில் சேர்ந்து, ‘மார்க் 1’ என்னும் பெருங்கணினிக்கு நிரல் எழுதினார்.

அக்காலத்தில் நிரல் என்பது எண்களும் குறியீடுகளும் நிறைந்த புதிராக இருந்தது. வணிக நிறுவனங்களில் கணக்குப் பார்ப்போர் எல்லாரும் கணித வல்லுநர் அல்லர் என்பதை ஹாப்பர் உணர்ந்தார். அவர்களுக்கு விளங்கும் சொற்களிலேயே கட்டளை எழுதினால் என்ன என்று கேட்டார். கணினிக்குச் சொற்கள் புரியா என்று உடன் பணியாற்றியோர் மறுத்தனர். அவர் தளரவில்லை. மனிதர் எழுதுவதைப் பொறியின் மொழிக்கு மாற்றும் ‘தொகுப்பி’ ஒன்றை 1952-இல் உருவாக்கினார். அவ்வழியில் பிறந்த கோபால் என்னும் நிரல்மொழி வங்கிகளிலும் அரசு அலுவலகங்களிலும் பல்லாண்டுகள் கோலோச்சியது.

வணிகவியலோடு கணினிப் பயன்பாடுகளைப் பாடமாக எடுத்த மாணவர் ஒருவர் இன்று நிரல் எழுத முடிகிறது என்றால், அவருக்காக ஒரு கணித அறிஞர் வாதாடி வென்றதும் அதற்கு ஒரு காரணம். எனவே, கணித மதிப்பெண்ணைக் காட்டி ஒரு மாணவரை நிரலாக்கத்தின் வாசலிலேயே தடுப்பது முறையன்று.

பாகையும் நிமிடமும்

வாசலைக் கடந்தபின் நிலைமை வேறு. காசிமேட்டுப் படகுகளில் இன்று ஜி.பி.எஸ். கருவிகள் உள்ளன. மீன் கிடைத்த இடத்தையும், வலை சிக்கும் பாறை உள்ள இடத்தையும் மீனவர் அதில் குறித்துக்கொள்கின்றனர். ஹைதராபாத்தில் இயங்கும் இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம், கடற்பரப்பின் வெப்பநிலை, நுண்பாசிகளின் பச்சையம் ஆகியவற்றைச் செயற்கைக்கோள் வழியே அறிந்து, மீன்வளம் மிகுந்திருக்கக்கூடிய பகுதிகளை மீனவருக்கு அறிவிக்கிறது. அந்த இடங்கள் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களால் குறிக்கப்படுகின்றன.

ஓர் இடம் 13 பாகை 7 நிமிட வட அட்சரேகையில் உள்ளது எனக் கொள்வோம். நிரல் எழுதும் மாணவர் அதனை 13.07 பாகை என்று பதிந்துவிடுகிறார். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல் தோன்றும். ஆனால், ஒரு பாகைக்கு அறுபது நிமிடங்கள். ஏழை அறுபதால் வகுத்தால் சரியான மதிப்பு ஏறத்தாழ 13.117 பாகை. ஒரு பாகை அட்சரேகை என்பது ஏறக்குறைய 111 கிலோமீட்டர். எனவே, இச்சிறு பிழை படகை ஐந்து கிலோமீட்டருக்கு அப்பால் கொண்டு நிறுத்தும். அந்தத் தொலைவுக்கான டீசலின் விலை, எழுவர் பங்கிலும் குறையும்.

அடுத்த படி முக்கோணவியல். நிலநடுக்கோட்டிலிருந்து விலகிச் செல்லச்செல்லத் தீர்க்கரேகைகள் ஒன்றையொன்று நெருங்குகின்றன. காசிமேடு அமைந்துள்ள 13 பாகை அட்சரேகையில் ஒரு தீர்க்கரேகைப் பாகையின் நீளம், நிலநடுக்கோட்டில் உள்ளதைவிட இரண்டரை விழுக்காட்டிற்கும் மேல் குறைவு. கொசைன் 13 பாகையின் மதிப்பு 0.974 என்பதே அதன் காரணம். தேர்வுக்காக மனப்பாடம் செய்யப்படும் அட்டவணை, கடலில் திசைகாட்டியாகிறது. பிறர் எழுதிய நிரலை எடுத்துப் பொருத்துபவர் இதை அறியாவிடினும் விடை வரும். அந்த விடை சரியா என்று அவரால் சொல்ல இயலாது.

பத்தில் ஒரு நொடி

கணக்கை அறியாமை எவ்வளவு கொடிதாகலாம் என்பதற்கு ஒரு நிகழ்வு சான்று. 1991 பிப்ரவரி 25 அன்று, வளைகுடாப் போரின்போது, சவூதி அரேபியாவின் தஹ்ரான் நகரில் அமெரிக்கப் படைவீரர் தங்கியிருந்த கட்டடத்தை ஈராக்கின் ஏவுகணை தாக்கியது. அதை இடைமறிக்க வேண்டிய ‘பேட்ரியாட்’ என்னும் தற்காப்பு அமைப்பு தவறியது. 28 வீரர்கள் மாண்டனர்.

ஆய்வில் தெரியவந்த காரணம் மிகச் சிறிது. அவ்வமைப்பின் கணினி, நேரத்தைப் பத்தில் ஒரு நொடியாக எண்ணியது. மூன்றில் ஒன்றைத் தசமத்தில் எழுதினால் 0.333... என முடிவின்றி நீள்வதுபோல, பத்தில் ஒன்றை இரும எண்களில் எழுதினாலும் அது முடிவின்றி நீளும். கணினியில் இடம் அளவானது. எனவே, எண்ணின் வால் வெட்டப்பட்டது. வெட்டுண்ட பகுதி மிகமிகச் சிறிது. ஆனால், அமைப்பு ஏறத்தாழ 100 மணி நேரம் நிறுத்தப்படாமல் இயங்கியதால், அப்பிழை சேர்ந்து சேர்ந்து மூன்றில் ஒரு நொடியாக வளர்ந்தது. அந்த நேரத்துக்குள் ஏவுகணை அரைக் கிலோமீட்டருக்கு மேல் பறந்துவிடும்.

காசிமேட்டின் நான்கு ரூபாய்க்கும் தஹ்ரானின் மூன்றில் ஒரு நொடிக்கும் வேர் ஒன்றே. மீதியைப் பொருட்படுத்தாமை என்பதே அது.

துறைமுகத்து எழுத்தர்

காசிமேட்டை அடுத்துத் தெற்கே விரிந்துள்ளது சென்னைத் துறைமுகம். அதன் அலுவலகத்தில் 1912 மார்ச் மாதம் கணக்குப் பிரிவில் ஓர் எழுத்தர் பணியில் சேர்ந்தார். மாத ஊதியம் 30 ரூபாய். அவரே சீனிவாச இராமானுசன். கணிதத்தில் மட்டும் மூழ்கிப் பிற பாடங்களில் தோற்றதால் கல்லூரிப் பட்டம் பெறாதவர் அவர். 1914 மார்ச் 17 அன்று சென்னையிலிருந்தே இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். அவ்வாண்டு வெளியான அவருடைய கட்டுரையொன்றில், வட்டத்தின் சுற்றளவுக்கும் விட்டத்துக்கும் உள்ள விகிதமாகிய ‘பை’யின் மதிப்பைக் காணும் தொடர்கள் பல இடம்பெற்றன.

பையின் மதிப்பைக் காண எளிய தொடர் ஒன்று முன்பே உண்டு. ஒன்றிலிருந்து மூன்றில் ஒன்றைக் கழித்து, ஐந்தில் ஒன்றைக் கூட்டி, ஏழில் ஒன்றைக் கழித்து, இவ்வாறே சென்றால் பையில் கால்பங்கு கிடைக்கும். அவ்வழியில் ஆறு தசம இடங்கள் வரை சரியான விடை பெற இலட்சக்கணக்கான உறுப்புகளைக் கணக்கிட வேண்டும். இராமானுசனின் புகழ்பெற்ற தொடரிலோ, அதற்கு முதல் உறுப்பு ஒன்றே போதும். 1985-இல் பில் காஸ்பர் என்னும் நிரலர் அத்தொடரைக் கணினியில் இட்டு, பையின் மதிப்பை ஒரு கோடியே எழுபது இலட்சம் இலக்கங்களுக்கு மேல் கண்டார்.

இதில் இரண்டு படிப்பினைகள் உள்ளன. கணினி எவ்வளவு விரைந்தாலும், நல்ல கணிதச் சிந்தனை தரும் விரைவுக்கு அது ஈடாகாது என்பது ஒன்று. தேர்வில் பெறும் வெற்றி தோல்வியை மட்டும் கொண்டு ஒருவரின் அறிவை அளந்துவிட முடியாது என்பது மற்றொன்று.

தெரிந்து தெளிவோம்

உலகின் முதல் கணினி நிரல் என்று பலராலும் போற்றப்படுவது, ஏடா லவ்லேஸ் 1843-இல் வெளியிட்ட குறிப்புகளில் உள்ளது. சார்லஸ் பாபேஜ் வடிவமைத்த பகுப்பாய்வுப் பொறியைக் கொண்டு ‘பெர்னூலி எண்களை’ எவ்வாறு கணக்கிடலாம் என்று அவர் அதில் விளக்கினார். இராமானுசன் 1911-இல் இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் வெளியிட்ட முதல் ஆய்வுக்கட்டுரையும் அதே பெர்னூலி எண்களின் பண்புகளைப் பற்றியதே.

கூட்டலும் ஒப்பிடலும்

கணிதம் என்றவுடன் நீண்ட சூத்திரங்களை எண்ணி அஞ்ச வேண்டியதில்லை. நெதர்லாந்தின் துறைமுக நகரமாகிய ராட்டர்டாமில் பிறந்த எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா, இரண்டு ஊர்களுக்கிடையே மிகக் குறுகிய வழியைக் காணும் நெறிமுறையை 1956-இல் உருவாக்கினார். 1959-இல் அதை வெளியிட்டார். வழிகாட்டும் நிரல்கள் பலவற்றுக்கும் அதுவே முன்னோடி. அந்த நெறிமுறையைப் பிரித்துப் பார்த்தால் இரண்டே செயல்கள்தாம் தென்படும்: தொலைவுகளைக் கூட்டுதல், எது சிறியது என ஒப்பிடுதல். ஐந்தாம் வகுப்பு மாணவரும் இதைச் செய்வார். ஆனால், அவ்வாறு செய்தால் கிடைக்கும் வழியே குறுகியது, அதைவிடக் குறுகியது இருக்க முடியாது என்று ஐயமற நிறுவுவது கணிதம்.

மற்றொன்றையும் டைக்ஸ்ட்ரா வலியுறுத்தினார். நல்ல நிரலருக்குக் கணித நாட்டத்தோடு தாய்மொழியில் சிறந்த ஆளுமையும் மிக இன்றியமையாதது என்பது அவர் கருத்து. தாய்மொழியில் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல இயலாதவர், அதைக் கணினிக்கும் தெளிவாகச் சொல்ல இயலாது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வீசியபோது, ஆழ்கடலில் இருந்த மீனவர் பலரை எச்சரிக்கை சென்று எட்டவில்லை. புயலின் பாதையைக் கணிக்கக் கணிதம் வேண்டும். அக்கணிப்பு, நடுக்கடலில் நிற்கும் ஒருவருக்கு அவர் அறிந்த மொழியில், உரிய நேரத்தில் சென்று சேரவும் வேண்டும். எண்ணும் எழுத்தும் இணைந்தால்தான் நிரல் உயிர்காக்கும்.

எவருக்கு எவ்வளவு?

ஆகவே, ‘கணிதம் வேண்டுமா, வேண்டாவா?’ என்று கேட்பதைவிட, ‘எப்பணிக்கு எவ்வளவு கணிதம்?’ என்று கேட்பதே பொருந்தும். ஏலக் கணக்கை எழுதும் நிரலுக்கு எண்கணிதமும் விகிதமும் போதும். கடலில் வழிகாட்டும் நிரலுக்கு முக்கோணவியல் வேண்டும். வானிலையைக் கணிக்கவும், செயற்கை நுண்ணறிவை உருவாக்கவும் நுண்கணிதமும் நிகழ்தகவும் அணிகளும் தேவை. செல்பேசி வழியே செல்லும் பணத்தைத் திருடரிடமிருந்து காப்பதற்கு எண்ணியல் வேண்டும்.

எளியதாகத் தோன்றும் பணியும் எதிர்பாராத இடத்தில் கணிதத்தைக் கேட்கும். எண்ணூரில் உள்ள காமராசர் துறைமுகத்தில் சரக்குப் பெட்டகங்களை ஏற்றும் வரிசையை ஒரு நிரல் முடிவுசெய்ய வேண்டும் எனக் கொள்வோம். பெட்டகங்கள் பத்து எனில் அவற்றை 36,28,800 வரிசைகளில் அமைக்கலாம். அத்தனையையும் கணினி நொடியில் சரிபார்த்துவிடும். பெட்டகங்கள் இருபதானால்? நொடிக்கு ஒரு கோடி வரிசைகளைச் சரிபார்த்தாலும் ஏழாயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆகும். பதினொன்றாம் வகுப்பில் படிக்கும் வரிசைமாற்றங்களை அறிந்தவர் இவ்வழி ஆகாது என்று உடனே உணர்ந்து வேறு வழி தேடுவார். அறியாதவர் கணினி பழுதாகிவிட்டது என்று எண்ணிக் காத்திருப்பார்.

செயற்கை நுண்ணறிவு நிரல் எழுதித் தருமே என்பார்க்கும் விடை இதுவே. எழுதும் உழைப்பு குறையலாம். எழுதப்பட்டது சரியா என்று ஆராயும் பொறுப்பு குறையாது. பங்குக் கணக்கில் நான்கு ரூபாய் எஞ்சுவதைக் காணும் கண் மனிதருக்கு இருந்தாக வேண்டும்.

மீதியைத் தேடும் மனம்

கணிதப் பாடத்தை எடுக்காத மாணவரும் நிரலாக்கத்தைத் தொடங்கலாம், தொடங்க வேண்டும். நிரல் எழுதும்போது எழும் தேவையே அவரைக் கணிதத்திடம் மீண்டும் அழைத்துச் செல்லும். கரும்பலகையில் கசந்த சூத்திரம், தம் படகின் வழியைக் காட்டும்போது இனிக்கக்கூடும். கணிதத்தில் சிறந்த மாணவரோ, விடை கண்டதோடு நின்றுவிடாமல், அவ்விடை யாருடைய கையில் எவ்வாறு சென்று சேர்கிறது என்றும் எண்ண வேண்டும்.

இரு கைகளையும் விரித்த நீளத்தைப் ‘பாகம்’ என்று கொண்டு கடலின் ஆழத்தை அளந்தவர்கள் நம் மீனவர்கள். கயிற்றில் எடையைக் கட்டி இறக்கி, பாகம் பாகமாக எண்ணி, வலை விரிக்கும் இடத்தை முடிவுசெய்தனர். அளந்து பார்க்காமல் கடலை நம்பலாகாது என்பதை அவர்களுக்கு எந்தப் பாடநூலும் சொல்லித் தரவில்லை. அவர்களின் பிள்ளைகள் கணக்கு வராதவர்கள் என்று சொல்வதற்கு எவருக்கும் உரிமையில்லை. அளக்கும் பழக்கம் அவர்களின் வீட்டிலேயே உள்ளது. அதைக் கணினியின் மொழியில் எழுதக் கற்றுத்தருவது மட்டுமே பள்ளியின் பணி.